கொழும்புல இருந்து பெரிய டெக் ஷெயார்ல குறுகிய கால ட்ரேட்: ஆரம்பிக்கிறவங்க பாக்க வேண்டியது

என்விடியா, அப்பிள், மெட்டா மாதிரி ஷெயார்கள நாலஞ்சு நாளைக்கு வாங்கி விக்க நினைக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்கிறது "இது ஏறுமா?" எண்டுதான். அதுக்கு முதல் பாக்க வேண்டியது ரெண்டு விஷயம், அடுத்த ரிசல்ட்ஸ் (கம்பனி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வெளியிடுற இலாப நட்டக் கணக்கு) எப்ப வருது, ஒரு நாளைக்கு இது எவ்வளவு ஆடும்.

முதல்ல ரிசல்ட்ஸ் திகதி. கம்பனியோட வெப்சைட்லயே போட்டிருப்பாங்க. அநேகமா ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் கடைசில வரும், என்விடியா மட்டும் பிந்தி பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர்ல. இதெல்லாம் நியூயோர்க் மார்க்கட் மூடின பிறகுதான் வரும், அதாவது எங்கட நேரம் விடியக்காலம் 1.30க்குப் பிறகு, அங்க குளிர்காலம் எண்டா 2.30, நாங்க நித்திரையா இருக்கிற நேரம்.

ஸ்டொப் லொஸ் (விலை இவ்வளவுக்கு இறங்கினா தானா வித்துடு எண்டு முன்கூட்டியே போடுற ஓடர்) போட்டிருக்கு, பயமில்லை எண்டு நினைக்காதீங்க. 2022 பெப்ரவரி 2ஆம் திகதி மெட்டா கிட்டத்தட்ட 323 டொலர்ல மூடிச்சு, அதுக்குப் பிறகு ரிசல்ட்ஸ் வந்துச்சு, அடுத்த நாள் திறக்கும்போதே 245 கிட்ட. 310ல ஸ்டொப் வச்சவருக்கும் 245 கிட்டதான் வித்திருக்கும், ஏனெண்டா சாதாரண ஸ்டொப் மார்க்கட் திறந்திருக்கிற நேரம் மட்டும்தான் வேலை செய்யும். 2023 மே மாசம் என்விடியா ரிசல்ட்ஸுக்கு அடுத்த நாள் 24% ஏறினதும் உண்மைதான், ஆனா எந்தப் பக்கம் பாயும் எண்டு முன்கூட்டியே சொல்ல ஏலாது. அதால புதுசா வாறவங்க ரிசல்ட்ஸுக்கு முதல் நாளே வித்துட்டு வெளிய வந்துடுங்க, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன்.

அடுத்தது ஆட்டம். சார்ட்ட திறந்து இண்டிகேட்டர்ல ஏடிஆர் (ATR) போடுங்க, வழமையா 14 நாள் கணக்குல வரும், ஒரு நாளைக்கு சராசரியா எத்தனை டொலர் ஆடுது எண்டு அது காட்டும். 200 டொலர் ஷெயாருக்கு ஏடிஆர் 5 எண்டு வைங்க, 2 டொலர் கீழ ஸ்டொப் வச்சா சும்மா ஆடுற ஆட்டத்துலயே வித்துப்போகும். ஒண்டரை மடங்கு, அதாவது 7.50 கீழ, 192.50ல வைங்க.

இப்ப எத்தனை ஷெயார்? கையில 1500 டொலர் இருந்தா ஒரு ட்ரேட்ல 1%, 15 டொலருக்கு மேல நட்டம் வரக்கூடாது. 15ஐ 7.50ஆல பிரிச்சா 2 ஷெயார். கொஞ்சமா இருக்கே எண்டு தோணும், பரவாயில்ல, ரெண்டே வாங்குங்க.

பிறகு மொத்த மார்க்கட். நாஸ்டாக் (டெக் ஷெயார்கள் நிறைய இருக்கிற அமெரிக்க சந்தைக் குறியீடு) விழுற நாள்ல இந்தப் பெரிய ஷெயார்கள் அநேகமா சேர்ந்தே விழும். அமெரிக்க பணவீக்க கணக்கு எங்கட நேரம் பின்னேரம் 6 மணிக்கு, அமெரிக்க மத்திய வங்கி பெடரல் ரிசர்வோட வட்டி முடிவு இரவு 11.30க்கு, குளிர்காலத்துல இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தும். அந்த நாள்கள்ல புதுசா வாங்காதீங்க.

வாங்குற விலை, ஸ்டொப், விக்கிற விலை மூண்டையும் மார்க்கட் திறக்கிற இரவு 7 மணிக்கு (அங்க குளிர்காலம் எண்டா 8) முதல் கொப்பில எழுதுங்க. முதல்ல டெமோ கணக்குல (உண்மைக் காசில்லாம பழகுற கணக்கு) செய்யுங்க. உண்மையான காசு அனுப்ப முதல் வெளிநாட்டுச் செலாவணி விதிகள உங்கட பேங்க்ல நேர போய்க் கேளுங்க, எந்தக் கணக்கால அனுப்பலாம், எவ்வளவு அனுப்பலாம் எண்டு.