நண்பரை அறிமுகப்படுத்தக் குழந்தைக்குக் கற்றுத்தரும்போது நாம் செய்யும் தவறுகள்

தோழியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, பெரியவர் முன்னால் நிறுத்திவிட்டு, வாயைத் திறக்காமல் நிற்கும் சின்னக் குழந்தைக்குப் பேசத் தெரியாமல் இல்லை. தனக்கு இவளைத் தெரியும், அதனால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றே 3 வயதில் மனம் எண்ணுகிறது. தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 4, 5 வயதில்தான் பிடிபடும். அதற்குமுன் 'சொல்லு, சொல்லு' என்று நெருக்கினால், எதைச் சொல்வது, ஏன் சொல்வது என்றே அதற்கு விளங்காது.

இதைவிடப் பெரிய தவறு, அறிமுகத்தை விருந்தினர் முன்னால் காட்டும் ஒப்பித்தலாக ஆக்குவது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர் சங்கடமில்லாமல் பேசத் தொடங்க, நடுவில் நின்று செய்யும் உதவிதான் அறிமுகம். குழந்தை நன்றாகப் பேசியதா என்று பார்க்காமல், வந்த நண்பனின் கூச்சம் குறைந்ததா என்று பாருங்கள். மற்ற தவறுகளில் பாதி தானாகவே விலகும்.

வயதுக்கு மீறிக் கேட்பது

3 வயதில் "இவன் கதிர்" என்று பெயர் சொன்னால் போதும். 4 வயதில் "என் ஃப்ரெண்ட்" என்பதையும் சேர்க்கலாம். 5, 6 வயதில் இரு பக்கமும் அறிமுகம் செய்யப் பழக்கலாம். பேச்சு தொடர்வதற்கு ஏற்ற ஒரு சேதியைத் தானே தேர்ந்து சொல்வது பெரும்பாலும் 7 வயதை ஒட்டி வரும். குழந்தைக்குக் குழந்தை இது முன்பின் ஆகும். ஒரு படி தடுமாறாமல் வந்தபிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். "வணக்கம் சொல்லு, பேரைச் சொல்லு, எந்த வகுப்புன்னு சொல்லு, நேரா நில்லு" என்று நான்கு கட்டளைகளை ஒரே மூச்சில் போட்டால், 4 வயதுக் குழந்தைக்குக் கடைசியாகக் கேட்டதுதான் பெரும்பாலும் மனதில் நிற்கும். நேராக நிற்கும், பேசாது.

பாதியில் நின்றுபோகும் அறிமுகம்

"பாட்டி, இவ மீனா." பெரும்பாலான வீடுகளில் அறிமுகம் இதோடு முடிகிறது. மீனாவின் பக்கத்திலிருந்து பாருங்கள். எதிரே இருப்பவர் யார், அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. புது வீட்டில், புது முகத்துக்கு முன்னால் நிற்பவள் அவள்தான். தகவல் அதிகம் தேவைப்படுவதும் அவளுக்குத்தான்.

கற்றுத்தர வேண்டிய வரிசை இது: பெரியவர் பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருந்து கூப்பிடுவது, தோழியின் பெயரைச் சொல்வது, தோழியின் பக்கம் திரும்பி "மீனா, இவங்க என் பாட்டி" என்பது, கடைசியாக ஒரே ஒரு சேதி, "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து படம் வரைவோம்." மூன்றாவதைத்தான் குழந்தைகள் விட்டுவிடுவார்கள். உடம்பைத் திருப்பப் பழக்குங்கள், பேச்சும் கூடவே திரும்பும்.

பழக்க இரண்டு பொம்மைகள் போதும். நடுவில் குழந்தை. ஒரு பொம்மையின் பெயரை மட்டும் அது சொல்லி நிறுத்தினால், மற்ற பொம்மைக்காக நீங்கள் பேசுங்கள்: "என்னை யாருன்னு இவனுக்குச் சொல்லலையே!" பிறகு பாத்திரத்தை மாற்றி, நீங்கள் அறிமுகம் செய்பவராகி வேண்டுமென்றே பாதியை விட்டுவிடுங்கள். விட்டதைக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்குத் தனி உற்சாகம் உண்டு. ஒரு தடவைக்கு 5 நிமிடம் தாண்ட வேண்டாம். நண்பர் வரும் நாளன்று ஒருமுறை நினைவூட்டினால் நல்லது. வாசலில் வந்து நிற்கும்போது பாடம் எடுக்கக் கூடாது.

'ஏதாவது சொல்லு' என்று விட்டுவிடுவது

அப்படி விட்டால், "இவன் நேத்து கிளாஸ்ல அழுதான்" என்று வரும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தன் மனதில் பளிச்சென்று பதிந்ததே சொல்லத் தகுந்தது என்று சிறு குழந்தை நினைக்கிறது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் நண்பன் கூசிப்போவான். அழுதது, திட்டு வாங்கியது, உடம்பின் தோற்றம், அவன் வீட்டு விஷயம் ஆகியவற்றை அறிமுகத்தில் சொல்வதில்லை என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும். சேர்ந்து செய்வது, அவனுக்குப் பிடித்தது, இந்த இரண்டிலிருந்து எடுக்கப் பழக்குங்கள். நண்பனிடமே "உன்னைப் பத்தி என்ன சொல்லட்டும்?" என்று கேட்கக் கற்றுத்தந்தால் இன்னும் நல்லது.

"இவன்தான் முதல் மார்க் வாங்குவான்" என்பது புகழ்ச்சிதான் என்றாலும், பெரியவர்கள் உடனே ஒப்பிடத் தொடங்கிவிடுவார்கள். இன்னொரு தோழியும் பக்கத்தில் இருக்கும்போது "இவதான் என் பெஸ்ட் ஃப்ரெண்ட்" என்பதும் வேண்டாம்.

எல்லோர் முன்னாலும் திருத்துவது

குழந்தை தடுமாறினால் மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். பிறகும் வரவில்லையென்றால் "இவ பேரு..." என்று தொடக்கத்தை மட்டும் கொடுங்கள். அதற்கும் பேசாவிட்டால் நீங்களே ஒரு வரியில் முடித்துவைத்து அடுத்த பேச்சுக்குப் போங்கள். "இவனுக்கு ரொம்பக் கூச்சம்" என்று அப்போது சொல்லவே கூடாது. அடுத்த முறை குழந்தை அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். கையைக் குலுக்கு, கட்டிப்பிடி என்று இரு குழந்தைகளில் யாரையும் வற்புறுத்தாதீர்கள். கையசைப்போ சிரிப்போ போதும். திருத்தம் இருந்தால், நண்பர் போனபிறகு ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

பெயர் மறந்துபோவது பெரியவர்களுக்கும் நடப்பது. "உன் பேரை நீயே சொல்றியா?" என்ற ஒரு வாக்கியம் கையில் இருந்தால் குழந்தை திகைக்காது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பழக்கம் இருந்தால், வெளியாரிடம் எந்தப் பெயரைச் சொல்வது என்று நண்பனையே கேட்கட்டும்.

விளையாட்டுக் கூட்டத்தில் அதே முறை செல்லாது

விளையாட்டின் நடுவே இருக்கும் பிள்ளைகள் அறிமுகத்துக்காக விளையாட்டை நிறுத்த மாட்டார்கள். கூட்டத்தைப் பார்த்து உரக்கப் பெயர் சொன்னால் யார் காதிலும் விழாது. "இவளையும் சேர்த்துக்கறீங்களா?" என்று கேட்டால் 'மாட்டோம்' என்று சொல்வதும் எளிது. சற்று நேரம் இருவரும் பக்கத்தில் நின்று என்ன விளையாட்டு என்று கவனிக்கட்டும். பிறகு அருகிலுள்ள ஒரு பிள்ளையிடம் மட்டும், விளையாட்டோடு ஒட்டியே சொல்லட்டும்: "இவ நிலா. கோட்டைக்கு இவளும் மணல் கொண்டு வருவா." வேலையோடு வருபவளைத் தள்ளிவைப்பது குறைவு. சொன்ன கையோடு ஓடிவிடாமல், நிலா ஒன்றிப்போகும்வரை சில நிமிடம் அவளோடு இருப்பதும் அறிமுகத்தில் அடக்கம். இதைப் பலரும் சொல்லித்தருவதே இல்லை.

பெரியவர்கள் பங்கும் உண்டு. அறிமுகமானதும் அப்பா என்ன வேலை, எத்தனை மார்க் என்று விசாரணையில் இறங்கினால், அடுத்த முறை குழந்தை நண்பனை நேராக அறைக்குள் கூட்டிப்போய்விடும். "வா மீனா, என்ன படம் வரைவீங்க?" என்று பெயரைச் சொல்லி, குழந்தை தந்த சேதியையே பிடித்துப் பேசுங்கள். தான் சொன்னது பயன்பட்டது என்று அதற்குத் தெரியும்.

ஒரு விலக்கையும் சேர்த்தே கற்றுத்தர வேண்டும். குடும்பத்துக்குத் தெரியாத பெரியவர் வெளியிடத்தில் கேட்டால், நண்பனின் பெயர், பள்ளி, வீடு எதையும் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்லாமல் தெரிந்த பெரியவரிடம் வந்துவிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.