ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பழைய வரைபடம் பார்ப்பவர்களுக்கு

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைக்குக் கிழக்கே உள்ள ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் பழைய நில அளவை வரைபடங்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் 'டோப்போவியூ' தளத்தில் இலவசம். ஜியோடிஃப் கோப்பாக (இடக்குறிப்பு சேர்ந்த படக்கோப்பு) இறக்கினால் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் தானே சரியான இடத்தில் உட்காரும்.

வம்பு வருவது, தாளின் ஓரத்திலுள்ள இடக்குறிப்பு எண்களைப் பார்த்து ஜிபிஎஸ்-இல் தட்டும்போதுதான். அவை பெரும்பாலும் 1927-ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டகத்தில் (நாட்27), அதாவது எண்களை எங்கிருந்து அளப்பது என்ற பழைய ஏற்பாட்டில் உள்ளவை. கருவி இன்றைய சட்டகமான டபிள்யூஜிஎஸ்84-இல் இருந்தால் யூடிஎம் (மீட்டரில் இடத்தைக் குறிக்கும் கட்ட முறை) வடக்கு எண்ணிலேயே ஏறத்தாழ 200 மீட்டர் பிசகும். எண்ணைத் தட்டும் முன்பே கருவியில் நாட்27-க்கு மாற்றிவிடுங்கள்.

திசைகாட்டி விலக்கத்தையும் (முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணம்) தாளிலிருந்து எடுக்காதீர்கள். 1950-களின் தாளுக்கும் இன்றைக்கும் இடையே சுமார் 5 டிகிரி வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் நடந்தால் 87 மீட்டர் விலகிப் போவீர்கள்.

உயரக்கோடுகள் அடிக்கணக்கு, இடைவெளி தாளுக்குத் தாள் மாறும், கீழ் ஓரத்தில் பாருங்கள். அங்கேயே அளவை ஆண்டும் இருக்கும். அச்சான ஆண்டு வேறு.

தண்ணீரைக் காட்டும் நீல நிறத்தை மட்டும் நம்பிக் கிளம்பவே வேண்டாம். 1913-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கால்வாய் திறந்தபின் ஓவன்ஸ் ஏரியே வற்றிவிட்டது. ஊற்றுகளைச் சொல்லவே வேண்டாம்.