ட்ரோனுக்கு மறுவண்ணம்: மெட்டாலிக் பூச்சை எங்கே நிறுத்துவது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் கல்யாணங்களையும் பழைய நகரத்தார் வீடுகளையும் படமெடுப்பவர்களில் பலர், ட்ரோனின் சாம்பல் நிறம் வெளிர்வானத்தில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது என்பதால் அதற்கு வேறு நிறம் அடிக்க விரும்புகிறார்கள். நிறம் மாற்றுவதில் தவறில்லை. ஆனால் வெள்ளி, தங்கம், தாமிரம் போன்ற மெட்டாலிக் நிறங்களை எடுப்பதற்கு முன் அந்த டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும் என்பதால், மெட்டாலிக் அடித்தால் ட்ரோனுக்குச் சிக்னலே வராது என்பார் சிலர்; ஒன்றுமே ஆகாது என்பார் வேறு சிலர்.

பெரும்பாலான மெட்டாலிக் பெயிண்டில் பளபளப்பைத் தருவது அலுமினியத் துகள்தான். தட்டையான அந்தச் சிறு தகடுகள் காய்ந்த படலத்துக்குள் நாட்டு ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தாலும், இடையில் மின்சாரம் கடத்தாத பிசின் இருப்பதால் அது முழுத் தகடாக மாறிவிடுவதில்லை. ஆகவே மெட்டாலிக் அடித்தால் சிக்னலே வராது என்பது மிகை. ஒன்றுமே ஆகாது என்பதும் சரியன்று. உயர் அதிர்வெண்ணில் அந்த மெல்லிய இடைவெளியைத் தாண்டியும் மின்னோட்டம் நிகழக்கூடும். ஆன்டெனாவை ஒட்டிய பூச்சு அதன் ஒத்திசைவையே, அதாவது அது நன்றாக வேலை செய்யும் அதிர்வெண்ணையே, சற்று இடம் பெயர்த்துவிடவும் கூடும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, மின்சாரம் கடத்தவில்லை என்று நிம்மதி அடைவது போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

ரிமோட்டுடன் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5.8 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 5 சென்டிமீட்டர். ஜி.பி.எஸ். சிக்னல் 1575.42 மெகாஹெர்ட்ஸில், 20,000 கிலோமீட்டருக்கும் மேலிருந்து மிக மெலிந்து வந்து சேர்கிறது; அதில் இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் கைக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை இறங்கும். ரிமோட் சிக்னலில் 6 டெசிபெல் இழப்பு, அதாவது அதன் திறன் கால் பங்காகக் குறைவது என்றால், திறந்த வெளியிலேயே தூரம் பாதியாகிவிடும். செட்டிநாட்டு வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது. முகப்பில் நின்று இயக்கும்போது ட்ரோன் பின்கட்டுக்கு மேலே தாழ்ந்து போனால், தடித்த சுவரும் இரும்பு உத்திரமும் சிக்னலில் ஒரு பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சமிருப்பதைப் பெயிண்டுக்குக் கொடுக்க இயலாது.

மடங்கும் ட்ரோன்கள் பலவற்றில் ரிமோட்டுக்கான ஆன்டெனா முன்கால்களுக்குள் இருக்கும். பழைய வகைகளில் தரையிறங்கும் கால்களில் இருக்கும். ஜி.பி.எஸ். ஆன்டெனா மேல்மூடிக்கு அடியில் வானத்தைப் பார்த்தபடி அமைந்திருக்கும். இந்த இடங்களுக்குச் சாதாரண நிறமே போதும். மினுமினுப்பு வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் பேர்ல் வகையை நாடலாம். அதில் மின்னுவது டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்கா, உலோகம் அன்று. கண்ணாடி போல் மின்னும் குரோம் ஸ்ப்ரேயையும், சிக்னலைத் தடுப்பதற்கென்றே செய்யப்படும் செம்பு, நிக்கல் பூச்சுகளையும் ட்ரோன் பக்கமே கொண்டுவரக் கூடாது.

ஐயமிருந்தால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு எல்லாப் பக்கமும் அதே பெயிண்டை அடித்துக் காய விட்டு, உள்ளே செல்போனை வைத்து, வைஃபை அளவு பூசாத டப்பாவில் காட்டுவதிலிருந்து எத்தனை டெசிபெல் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியையும் இறக்கைகளையும் கழற்றிவிட வேண்டும். இறக்கைக்கு வண்ணம் அடித்தால் சமநிலை கெடும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். கேமரா, சென்சார்கள், காற்றுத் துளைகள், பதிவு எண் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடி, 800 அல்லது 1000 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமரை அடிக்க வேண்டும். பட்டறைகளில் பழக்கமான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும். அக்ரிலிக் ஸ்ப்ரேயே ஏற்றது. ஒரே மூச்சில் மொத்தமாக அடிக்காமல், ஒரு சாண் தள்ளி நின்று மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். சித்திரை வெயிலில் பறக்கப் போகிற ட்ரோனுக்குக் கறுப்பு நிறம் வேண்டாம்.

எடையையும் கவனிக்க வேண்டும். 249 கிராம் ட்ரோன், பூச்சு ஏறி 250 கிராமைத் தாண்டினால், 2021 ட்ரோன் விதிகளின்படி நானோ வகையிலிருந்து மைக்ரோ வகைக்குப் போய்விடும். தொழிலுக்கு மைக்ரோ ட்ரோனை இயக்க ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை. ஆகவே சமையல் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்.

பூசுவதற்கு முன்பே, ஆளில்லாத பொட்டலில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கே செயலி காட்டும் செயற்கைக்கோள் எண்ணிக்கையையும் சிக்னல் அளவையும் எழுதி வைக்க வேண்டும். பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அதே இடத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில், திசைகாட்டியைச் சரிசெய்துகொண்டு தாழ்வாகப் பறக்கவிட்டு ஒப்பிட வேண்டும். அளவு குறிப்பிடத்தக்க அளவுக்கு இறங்கியிருந்தால், முன்கால்களிலும் மேல்மூடியிலும் உள்ள பூச்சை உப்புத்தாளால் நீக்கிவிட்டு மறுபடி சோதித்த பிறகே கல்யாண வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.