நகர மன்றம் கொடுக்கும் வரிச் சலுகையை ஒரே மாலையில் படித்துப் புரிந்துகொள்வது எப்படி

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கி மூன்றாவது வருடம், எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சோள வயலில் பெரிய கிடங்கு ஒன்று வரப்போவதாகப் பலகை நட்டார்கள். அதற்குப் பத்து வருட சொத்து வரிச் சலுகையாம். எனக்கு வயிறு எரிந்தது. நகர மன்றக் கூட்டத்துக்குப் போய், "பத்து வருஷத்துக்கு ஒரு சென்ட் கூட வரி கட்ட மாட்டார்களா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார். கேள்வியே தப்பு. சரியாகக் கேட்பது எப்படி என்று அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சொல்வது இண்டியானா நடைமுறை.

படி 1: காகிதங்களைக் கையில் எடுங்கள்

நகர மன்ற இணையதளத்தில் கூட்டத்தின் அஜெண்டாவோடு ஆவணக் கட்டு ஒன்றும் இருக்கும். அதில் இரண்டைத் தேடுங்கள்: சலுகை தரும் தீர்மானம், நிறுவனம் நிரப்பித் தந்த எஸ்பி-1 படிவம். கிடைக்காவிட்டால் கிளர்க் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும், அது பொது ஆவணம்தான்.

எஸ்பி-1-இல் முதலீடு எவ்வளவு, வேலை எத்தனை, மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று நிறுவனமே எழுதித் தருகிறது. இப்போது இருக்கும் வேலை, தக்கவைக்கும் வேலை, புதிய வேலை என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. மேடையில் பேசும்போது மூன்றையும் கூட்டிச் சொல்வார்கள். நீங்கள் 'புதிய' கட்டத்தை மட்டும் பாருங்கள். புதிய வேலை 40, அதற்கான சம்பளம் 14,40,000 டாலர் என்றிருந்தால் வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு வருடம் 36,000.

படி 2: சதவீத அட்டவணையைக் கூட்டிப் பாருங்கள்

நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். பத்து வருடச் சலுகை என்றால் பத்து வருடமும் முழுத் தள்ளுபடி என்று பொருள் இல்லை. வருடா வருடம் அது தேயும். இண்டியானாவில் வெகுகாலம் புழங்கிய அட்டவணை இப்படிப் போகும்: 100, 95, 80, 65, 50, 40, 30, 20, 10, 5. இப்போது மன்றமே தீர்மானத்தில் அட்டவணையை எழுதுவதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 495. அதாவது பத்து வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து வருட வரி தள்ளுபடி. புதுக் கட்டடத்தின் மதிப்பு 1 கோடி டாலர், வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழு வரி வருடத்துக்கு 2,00,000. பத்து வருடத்துக்கு 20,00,000. விட்டுக்கொடுப்பது 9,90,000. வந்து சேர்வது 10,10,000. நிலத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் வரி முதல் வருடத்திலிருந்தே வரும்.

விட்டுக்கொடுப்பதை 40-ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு 24,750 டாலர். 36,000 சம்பள வேலைக்கு இது கட்டுபடியாகுமா? எனக்கு ஆகாது என்று படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம், ஆனால் பேச்சு இந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.

படி 3: யார் தலையில் விழுகிறது?

"இல்லாத கட்டடத்துக்கு வரி எங்கே வந்தது, யாருக்கும் நஷ்டமில்லை" என்பார்கள். பாதி உண்மை.

ஊரின் வருடச் செலவுக்கு வசூலாக வேண்டியது 1 கோடி டாலர், வரிக்கு உட்பட்ட சொத்து மொத்தம் 50 கோடி என்றால் விகிதம் 2 சதவீதம். புதுக் கட்டடத்தின் 1 கோடியும் கணக்கில் சேர்ந்தால், அதே தொகையை 51 கோடிக்குப் பங்கிடலாம், விகிதம் 1.96-ஆக இறங்கும். சலுகை கொடுத்தால் அது இறங்காமல் நிற்கும். உங்கள் பில் ஏறவில்லை, ஆனால் குறைந்திருக்க வேண்டியது குறையவில்லை.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. இண்டியானா 2010-இல் அரசியலமைப்பிலேயே வரிக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது: குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம், வாடகை வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் 2, மற்ற வணிகச் சொத்துக்கு 3. உங்கள் பில் ஏற்கெனவே வரம்பைத் தொட்டிருந்தால், வரம்புக்கு மேல் போகும் தொகை உங்களிடம் வராது. அது பள்ளிக்கும் நூலகத்துக்கும் வராத பணமாகிப் போகும். அதனால் மன்றத்தில் கேட்க வேண்டியது "என் வரி ஏறுமா?" என்பது அல்ல. "வரம்பினால் பள்ளிக்கு எவ்வளவு குறைகிறது?" என்று கேளுங்கள்.

படி 4: சலுகை இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்களா?

பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. பொருளாதார அறிஞர் டிமோத்தி பார்டிக் 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சலுகை பெற்ற நிறுவனங்களில் சுமார் 2 முதல் 25 சதவீதம்தான் அந்தச் சலுகையால் முடிவை மாற்றியிருக்கும் என்று மதிப்பிட்டார். மற்றவை எப்படியும் வந்திருக்கும். நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு அருகில் நிலத்தை ஏற்கெனவே வாங்கிவிட்ட கிடங்கா? கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

படி 5: கூட்டத்துக்குப் போங்கள்

பொதுவாக இரண்டு தீர்மானங்கள் வரும். முதலாவது அந்த இடத்தைச் சலுகைக்குரிய பகுதியாக அறிவிப்பது. பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்குப் பிறகே உறுதி செய்யும் தீர்மானம். நீங்கள் பேச வேண்டியது நடுவில். இரண்டாவது வாக்கெடுப்புக்கு வந்து கத்திப் பயனில்லை.

பேச்சுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். 24,750 என்ற எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன வேலைகள் வராவிட்டால் பணத்தைத் திரும்ப வாங்கும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் "சேர்க்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

படி 6: அடுத்த மே மாதம்

சலுகை பெறும் நிறுவனம் வருடந்தோறும் சிஎஃப்-1 என்ற படிவம் தர வேண்டும். கட்டடங்களுக்குக் கெடு மே 15. எஸ்பி-1-இல் சொன்னது ஒரு பக்கம், நடந்தது மறுபக்கம். போதுமான அளவுக்கு நிறைவேற்றவில்லை என்று மன்றம் கருதினால், நிறுவனத்தைக் கூப்பிட்டு விசாரித்துச் சலுகையை நிறுத்தலாம்.

எங்கள் கிடங்கின் முதல் சிஎஃப்-1-ஐக் கேட்டு நான் மின்னஞ்சல் அனுப்பியபோது கிளர்க் உடனே அனுப்பிவிட்டார். கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: இதுவரை இந்தப் படிவத்தை வேறு யாரும் கேட்டதில்லை.