பெங்களூரிலிருந்து தாத்தாவின் சாளைக்குக் குடிபெயர்வோருக்கு

ஈரோடு மாவட்டத்துக் கோபி, பவானிப் பக்கத்தில் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த குடும்பங்களில் சில, இன்று அதைச் செப்பனிட்டுத் திரும்பிக் குடியேற எண்ணுகின்றன. பெங்களூர் அல்சூரில் இருந்தபடியே அப்படி ஒரு சாளையை மீட்டவன் என்ற முறையில் என் முதல் ஆலோசனை இதுதான்: முதலில் பத்திரத்தை நேர்செய்யுங்கள், பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டைக் கவனியுங்கள், அதன் பின்னரே சுவரில் கை வையுங்கள்.

பட்டா பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே கிடக்கும். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று இரண்டையும் பெறுவதோடு, சாளை நிற்கும் இடம் தோட்டத்துப் பட்டா நிலமா, ஊர்க் குடியிருப்புக்கான நத்தம் நிலமா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் காட்டி உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அதன் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் பெண்மக்களுக்குப் பங்கு தருவதால், சீர்வரிசையோடு கணக்கு முடிந்துவிட்டது என்று சித்தப்பா சொல்வதை நம்பி அத்தைமாரை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து மனமொப்பித் தரும் விடுதலைப் பத்திரம் பதிவான பிறகே செலவைத் தொடங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாட்களாவது அங்கே தங்குங்கள். எந்த ஓட்டின் கீழ் ஒழுகுகிறது, எந்தச் சுவர் அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது, முற்றத்து நீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்பதைக் கரிக்கட்டியால் சுவரிலேயே குறித்து வையுங்கள். கூரையைத் தாங்கும் கைமரங்கள் பார்வைக்கு உறுதியாகத் தெரிந்தாலும், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் முதலில் உளுத்துப்போகும். அங்கே திருப்புளியால் குத்திப் பார்த்தால் உண்மை தெரியும். ஓடுகளை இறக்கும்போது ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பது மீண்டும் கூரை ஏறலாம்.

சுவர்தான் அதிகம் ஏமாற்றும். மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய சுவர், அடியிலிருந்து ஏறும் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் சிமென்ட் பூசினால் வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே நின்று பூச்சைத் தள்ளும், உப்புப் பூக்கச் செய்யும், சுவரையும் கரைக்கும். நானும் அவசரத்தில் ஒரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டுத் தென்சுவருக்குச் சிமென்ட் பூசி, இரண்டே மழையில் அது பாளம் பாளமாக உதிர்வதைப் பார்த்து, இரட்டைச் செலவில் திருத்தியவன். சுட்ட சுண்ணாம்பை நீற்றிச் சில வாரங்கள் ஊற வைத்துச் சலித்து, ஒரு பங்குக்கு ஏறக்குறைய மூன்று பங்கு மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்துப் பூசுவதே பழைய முறை. இந்தப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சித்தான் இறுகும் என்பதால், தை, மாசி மாதங்களில் வேலையை வைத்துக்கொண்டு, ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயிலை மறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் வெடிக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது அரிது. கிடைத்தால் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

பழைய மின்கம்பிகள் அனைத்தையும் மாற்றி, நில இணைப்பும் கசிவு மின்துண்டிப்பானும் பொருத்துங்கள். கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய மின்சாரத்தை வீட்டுக்கு இழுப்பது விதிமீறல். வீட்டுக்கெனத் தனி இணைப்பு வேண்டும். வீட்டிலிருந்தே பெங்களூர் அலுவலக வேலையைத் தொடர நினைப்பவர்கள், அங்கே தங்கும் நாட்களிலேயே இணைய வேகத்தையும் சோதித்துவிடுவது நல்லது.

பெங்களூரில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகிறது. அதை ஆவணி வாக்கில் புதுப்பித்துக்கொண்டால் மழைக்காலத்தைப் பார்க்கவும், பங்குனிக்குள் பூச்சை முடிக்கவும், வைகாசியில் நீர்மட்டம் இறங்கியதும் கிணற்றைத் தூர்வாரவும் காலம் போதும். அதன் பிறகு சாவியைக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு சாமான்களை ஏற்றலாம்.