கதவு சாத்திய பிறகு வந்து சேரும் அறிக்கை: ஆப்பிரிக்க ஆய்வு மையங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நைஜர் நாட்டின் அகடெஸ், சகாராவின் தென் விளிம்பில் இருக்கும் பழைய வணிக நகரம். 2015 மே மாதம் நைஜர் நாடாளுமன்றம், குடியேறிகளைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டவைக்கும் தொழிலுக்கு எதிராக ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு அது கடுமையாக அமலானது. அதுவரை லிபியாவை நோக்கி வெளிப்படையாகவே பயணிகளை ஏற்றிச் சென்ற ஓட்டுநர்கள் கைதானார்கள். பிக்கப் வண்டிகள் பறிமுதலாயின. பயணம் நிற்கவில்லை. கிணறுகள் இருந்த வழித்தடத்தை விட்டு, ஆளில்லாத மணல்வெளிக்கு மாறியது. 2023 நவம்பரில் ராணுவ அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது.

கொள்கை உரையாடலில், அரசுகளுக்கு ஆய்வும் ஆலோசனையும் தரும் ஆப்பிரிக்க ஆய்வு மையங்கள் எங்கே சறுக்குகின்றன என்று கேட்பவருக்கு இந்த ஊரைத்தான் முதலில் காட்டுவேன்.

பெரிய தவறு, அமைதி, வளர்ச்சி, இடம்பெயர்வு மூன்றையும் மூன்று துறைகளாகப் பிரித்துவைப்பது. அகடெஸில் அவை ஒரே வண்டியில்தான் பயணம் செய்தன. சகாராவின் நாடோடி இனத்தவரான துவாரக் மக்களின் கிளர்ச்சிகளால் சுற்றுலா படுத்துப்போனபின், வழிகாட்டிகளாக இருந்தவர்களும் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களும் பிழைப்புக்காக அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். அதைப் பிடுங்குவது இடம்பெயர்வுக் கொள்கை மட்டுமல்ல. சமாதானத்தின் மீதும் கைவைப்பது. இடம்பெயர்வு நிபுணர் ஒரு கட்டடத்திலும் பாதுகாப்பு நிபுணர் வேறொரு கட்டடத்திலும் உட்கார்ந்திருந்தால் இது யார் கண்ணிலும் படாது.

அடுத்தது, கேள்வியைக் கடன் வாங்குவது. 2015 நவம்பரில் மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் ஐரோப்பிய, ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடியபோது ஆப்பிரிக்காவுக்கான ஐரோப்பாவின் அவசர நிதியம் பிறந்தது. நிதி அங்கிருந்து வந்தால், 'ஐரோப்பாவுக்குப் புறப்படுபவர்களை எப்படித் தடுப்பது?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. ஆப்பிரிக்கர்களின் இடம்பெயர்வில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்குள்ளேயே நடக்கிறது என்ற உண்மை அப்போது அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து 2025இல் நைஜர் விலகும்வரை, அதன் 1979ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒரு செனகல்காரர் விசா இல்லாமல் நைஜருக்குள் வர முடிந்தது. அகடெஸ் வரை அவர் சட்டப்படி வந்த பயணி. 'வளர்ச்சி வந்தால் யாரும் கிளம்பமாட்டார்கள்' என்று அறிக்கையில் எழுதுவதும் இதே ரகம். பரம ஏழையிடம் பயணச் செலவுக்கே பணம் இருக்காது. வருமானம் கொஞ்சம் உயரும்போது பலர் புறப்படத்தான் செய்கிறார்கள்.

இதற்கு மையங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. கனடாவின் வளர்ச்சி ஆய்வு அமைப்பு முன்னின்று நடத்திய, மையங்களின் அடிப்படைச் செலவுகளுக்கே நிதி கொடுத்த பெரிய திட்டம் 2019இல் முடிந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாகக் கையேந்தும் மையம் எதிர்க்கேள்வி கேட்பது கடினம். ஆனாலும் கேட்க வேண்டும்.

காலம் தவறுவது மூன்றாவது. வரைவு மசோதா கையில் இருக்கும்போது நான்கு பக்கக் குறிப்பு போதும். சட்டம் வந்தபின் நூறு பக்க ஆய்வு எழுதினால் அது வரலாறாகத்தான் பயன்படும். கருத்தரங்குகளின் எண்ணிக்கையைத் தாக்கமாகக் கணக்குக் காட்டும் பழக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேநீர் இடைவேளையில் யாரும் சட்டத்தைத் திருத்துவதில்லை.

மொழியையும் மறந்துவிடுகிறார்கள். அகடெஸ் ஓட்டுநரைப் பற்றிய அறிக்கை பிரெஞ்சில் வருகிறது. அவர் பேசுவதோ தமாஷெக் அல்லது ஹவுசா. 1999 முதல் ஆப்பிரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் ஆஃப்ரோபாரோமீட்டர் அமைப்பு மக்களிடம் அவரவர் மொழியிலேயே கேள்வி கேட்கிறது. கேட்க முடிந்தால் திருப்பிச் சொல்லவும் முடியும்தானே?

இன்னொன்று, தவறான வாசலில் நின்று தட்டுவது. 2018 மார்ச்சில் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் நடந்த ஆப்பிரிக்க ஒன்றிய உச்சி மாநாட்டில் கண்டம் தழுவிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் மக்களின் தடையற்ற நடமாட்டத்துக்கான ஒப்பந்தமும் ஒன்றாகக் கையெழுத்துக்கு வந்தன. முதலாவது 2019 மே மாதமே நடைமுறைக்கு வந்தது. இரண்டாவதற்கு 15 நாடுகளின் ஒப்புதல் தேவை; ருவாண்டா, நைஜர், மாலி என விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளே தந்திருக்கின்றன. எல்லை திறந்தால் பாதுகாப்பு என்னாகும் என்ற அச்சம் பெரும்பாலும் உள்துறை அமைச்சகங்களில் குடியிருக்கிறது. அந்த அச்சத்துக்கு விடை சொல்லும் ஆய்வு வெளியுறவு அமைச்சகத்தில் பாராட்டு வாங்கிக்கொண்டு அலமாரியில் கிடக்கிறது.