கரையை அளக்கும் பாடவேளை: கடலோரப் பள்ளியில் காலநிலைப் பாடத்தை நிலைநிறுத்த

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் 1991இலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் ஊர்ப் பள்ளியில் ஒரு பாடம் நடக்க, அது கால அட்டவணையில் ஏற வேண்டும். அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பிடியுங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கடற்பாசி எடுக்கப் போகும் தாய்மாருக்கும் அங்கே குரல் உண்டு.

தீர்மானத்தில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் ஒரு பேரணியோடு முடிந்துபோகும். இப்படி எழுதுங்கள்: “8ஆம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை, அமாவாசைக்கு மறுநாளை ஒட்டி மாதம் ஒரு கரை அளவீடு, பொறுப்பு அறிவியல் ஆசிரியர், பதிவேடு தலைமையாசிரியர் அறையில்.” ஆசிரியரின் பெயர் வேண்டாம், பதவி போதும். பெயர் எழுதினால், மாறுதல் வந்ததும் வேலை நின்றுவிடும். நோட்டும் அவரோடு போய்விடும்.

இனி அளவீடு: கரை கடலை நோக்கி எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. ஒன்றரை மீட்டரில் நேரான மரச்சட்டம் இரண்டு. உச்சியைப் பூஜ்யமாக வைத்து, கீழ்நோக்கி ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு போடுங்கள். இடைவெளி பிடிக்க 2 மீட்டர் மூங்கில். நைலான் கயிறு இழுபடும், வேண்டாம். தொடங்கும் இடம் அசையாததாக இருக்கட்டும்: கிணற்றுத் திண்டு, கோயில் மதில். கரையோரப் பனை கூடாது, அலை அரித்தால் அதுவே சாய்ந்துவிடும்.

நீர் வற்றிய நேரத்தில் ஒரு சட்டத்தைத் தொடக்கப் புள்ளியிலும், மற்றதை 2 மீட்டர் தள்ளிக் கடல் பக்கமும் நிறுத்துங்கள். கரைப்பக்கச் சட்டத்தின் பின்னால் நிற்கும் பிள்ளை, கடல் பக்கச் சட்டத்தின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்க வேண்டும். அந்தக் கோடு தன் சட்டத்தை வெட்டும் இடத்தில் உள்ள எண்தான் இறக்கம். மணல் மேடேறினால் மாறாக, கரைப்பக்க உச்சியையும் தொடுவானத்தையும் சேர்த்துப் பார்த்து, கடல் பக்கச் சட்டத்தில் படித்து, மொத்தத்திலிருந்து கழித்துவிடுங்கள். இப்படியே 2 மீட்டர் 2 மீட்டராகக் கடல் நோக்கி நகர்ந்து அளக்க, இறக்கம் 4, 7, 12 என்று வந்தால் 6 மீட்டர் தூரத்தில் மொத்தம் 23 செ.மீ. முழங்கால் ஆழத்தில் நிறுத்துங்கள். பெரியவர் துணை இல்லாமலும், கடல் கொந்தளிக்கும் நாளிலும் இறங்க வேண்டாம்.

பிழை பெரும்பாலும் ஈர மணலில்தான் வரும். சட்டம் இரண்டு விரல் இறங்கினால் கணக்கே கெட்டுவிடும். அடியில் உள்ளங்கை அகலப் பலகை ஆணியடித்துவிடுங்கள். சட்டம் சாய்ந்தாலும் இதே கதைதான், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தொடுவானத்தைத் தீவு மறைத்தால் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டம் உதவும்.

நான்கு மாத அளவைப் பார்த்து “கடல் ஏறுகிறது” என்று பிள்ளைகளை எழுதவிடாதீர்கள். வாடைக்காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) கரை கரையும், மணல் பிறகு திரும்பும். டிசம்பரை அடுத்த டிசம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். காலநிலை என்று பேசவே முப்பது வருடக் கணக்கு தேவை. இந்தப் பதிவேடு அதற்கான முதல் பக்கங்கள். 1964இல் தனுஷ்கோடியை அழித்தது ஒரு புயல். ஒற்றைப் புயலைக் காலநிலை மாற்றத்துக்குச் சான்றாக்க முடியாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மூழ்கியதில், பவளப்பாறையை வெட்டியெடுத்ததற்குப் பெரும் பங்கு உண்டு. இந்தப் பிரித்தறிதலைச் சொல்லித்தராத வகுப்பு, பிள்ளைகளுக்குப் பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

கடலுக்குப் போக முடியாத மாதங்களில் கிணற்றுநீரின் உப்பைப் பாருங்கள். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீரே இல்லையென்றால் 2000 வரை. ஒரே கிணறு, ஒரே வேளை, இறைப்பதற்கு முன் எடுத்த தண்ணீர். மோட்டார் ஓடியபின் எடுத்த அளவை இதோடு சேர்க்காதீர்கள். இறைக்க இறைக்க உப்பு மேலே ஏறி எண் மாறிவிடும்.